ஆயிரக்கணக்கில் முட்டை, இரண்டே குட்டி: மணற்புலிச் சுறாவின் உடலுக்குள் ஒரு பார்வை

சுறா குட்டி போடும் என்பது கடற்கரை ஊர்க்காரர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. பெரிய சுறாவை அறுக்கும்போது வயிற்றிலிருந்து குட்டிகள் வருவதைப் பார்த்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருப்பார்கள். உள்நாட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் மீன் என்றாலே சினை, முட்டை என்று மனதில் பதிந்திருக்கும். ஆனால் அந்தக் குட்டிகள் வயிற்றுக்குள் எதைத் தின்று வளர்ந்தன என்று கேட்டால் இரு தரப்பும் கொஞ்சம் யோசிக்கும். ஏனென்றால் சுறாக்களிடம் இதற்கு ஒரே பதில் கிடையாது. சில சுறாக்கள் முட்டையிடுகின்றன. சில, முட்டையை உடலுக்குள்ளேயே வைத்துப் பொரிக்கின்றன. நம் கடலிலும் இருக்கும் கொம்பன் சுறாவுக்குத் தொப்புள்கொடி உண்டு, நஞ்சுக்கொடி உண்டு. ஆடு மாடுகளுக்கு இருக்கிற ஏற்பாட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது அது.

நாம் பார்க்கப்போகும் சுறா இந்த வழிகள் எதிலும் முழுதாகச் சேராது. அறிவியல் பெயர் கார்க்காரியஸ் டாரஸ். அமெரிக்காவில் சாண்ட் டைகர் என்பார்கள், ஆஸ்திரேலியாவில் கிரே நர்ஸ், தென்னாப்பிரிக்காவில் ராகட் டூத், சுருக்கமாக ராகி. இந்தக் கட்டுரையில் மணற்புலி என்றே வைத்துக்கொள்வோம். நன்கு வளர்ந்தால் 3 மீட்டர் நீளம் வரும். வாயை மூடியிருந்தாலும் ஊசிப் பற்கள் வரிசையாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பார்ப்பதற்குப் பயங்கரமாக இருப்பதாலேயே உலகம் முழுக்கப் பெரிய மீன் காட்சியகங்களில் இதை விரும்பி வைத்திருக்கிறார்கள். உண்மையில் சாதுவான, மெதுவாக நீந்துகிற பிராணி. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி, அதை இரைப்பையில் தேக்கிக்கொண்டு அசையாமல் மிதந்து நிற்கும்.

அந்தப் பல்வரிசைதான் இதற்கு வினையாகவும் முடிந்தது. ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையில் 1950களிலும் 60களிலும் இதை ஆள்தின்னி என்று நினைத்து, முனையில் வெடிமருந்து பொருத்திய ஈட்டிகளால் குத்திக் கொன்றார்கள். வீரச் செயலாகவே அது கருதப்பட்டது. 1984இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. உலகத்தில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட முதல் சுறா இதுதான். அமெரிக்கா 1997இல் தன் கூட்டாட்சிக் கடற்பகுதியில் இதைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தடை போட்டது. அப்படியும், உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் இன்று இந்த இனம் ‘மிகவும் ஆபத்தான நிலை’ என்ற படியில் நிற்கிறது. அதற்கு அடுத்த படி, இயற்கையில் அற்றுப்போவதுதான்.

நாற்பது ஆண்டுச் சட்டப் பாதுகாப்புக்குப் பிறகும் ஒரு மீன் ஏன் பெருகவில்லை? வலைகளும் தூண்டில்களும் பாதிக் காரணம். மீதிப் பாதி அதன் இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பிலேயே இருக்கிறது. அதனால் உள்ளே போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

ஆணின் உடல்

சுறாவில் ஆண், பெண் பார்ப்பது சுலபம். அடிவயிற்றில் பின்பக்கமாக இருக்கும் இடுப்புத் துடுப்புகளைக் கவனித்தால் போதும். பெண்ணுக்குத் துடுப்பு மட்டும் இருக்கும். ஆணுக்கு அந்த இரண்டு துடுப்புகளின் உள்ளோரத்திலிருந்து விரல் போல இரண்டு உறுப்புகள் பின்னோக்கி நீண்டிருக்கும். இவற்றை விலங்கியலில் கிளாஸ்பர் என்கிறார்கள். துடுப்பின் ஓரமே வெற்றிலையைச் சுருட்டியது போலச் சுருண்டு, நடுவில் ஒரு பள்ளத்துடன் இப்படி ஆகியிருக்கிறது. அந்தப் பள்ளம் வழியாகத்தான் விந்து போகும். இரண்டு இருந்தாலும் ஒரு சேர்க்கையில் உள்ளே போவது பெரும்பாலும் ஒன்றுதான். பெண் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து ஏதாவது ஒன்று.

இளம் ஆணிடம் கிளாஸ்பர் குட்டையாக, வளையக்கூடியதாக இருக்கும். வயது வந்ததும் அதற்குள் இருக்கும் குருத்தெலும்பில் சுண்ணாம்புச் சத்து படிந்து விறைப்பாகிவிடும். அடிப்பகுதியில் சுழன்று தலைப்பக்கமாகத் திரும்பவும் செய்யும். ஆய்வாளர்கள் கையால் இதை வளைத்துப் பார்த்தே சுறா பருவத்துக்கு வந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார்கள். உயிரோடு பிடித்து, பார்த்து, திரும்பக் கடலில் விட்டுவிடலாம், அறுக்க வேண்டியதில்லை. அழிந்துகொண்டிருக்கும் ஓர் இனத்தில் இது பெரிய வசதி. மணற்புலி ஆண் ஆறேழு வயதில், ஏறக்குறைய 1.9 மீட்டர் நீளத்தில், இந்த நிலைக்கு வருகிறது.

வெளியே தெரிவது இவ்வளவுதான். விந்தகங்கள் இரண்டும் தொலைவில், உடற்குழியின் முன்பகுதியில், கல்லீரலுக்கு அருகே இருக்கின்றன. அவற்றைச் சுற்றி எபிகோனல் என்ற மெத்தென்ற திசு இருக்கும். சுறாவுக்கு எலும்பு கிடையாது, முழுக்கக் குருத்தெலும்பு. எலும்பு இல்லையென்றால் எலும்பு மஜ்ஜையும் இல்லை. நம் உடலில் மஜ்ஜை செய்கிற இரத்த அணு உற்பத்தியில் ஒரு பங்கைச் சுறாவில் இந்த எபிகோனல் திசு செய்கிறது. இனப்பெருக்க உறுப்போடு இரத்த உற்பத்தி ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் விநோதமாகத்தான் தோன்றும்.

விந்தகத்திலிருந்து கிளம்பும் விந்து நெளிநெளியான குழாய்கள் வழியாகப் பின்னோக்கி வந்து, பொதுப்புழைக்குள் இருக்கும் சிறு முனையில் வெளிப்பட்டு, கிளாஸ்பரின் பள்ளத்துக்குள் இறங்குகிறது. பொதுப்புழை என்பது கழிவும் இனப்பெருக்கமும் இரண்டுக்கும் ஒரே வாசல், பறவைகளுக்கும் இப்படித்தான். இங்கிருந்து விந்தை உள்ளே தள்ளுவதற்குச் சுறா கடல்நீரையே பயன்படுத்துகிறது. அடிவயிற்றுத் தோலுக்குக் கீழே தசையால் ஆன இரண்டு பைகள் இருக்கின்றன. அவற்றில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு, சேர்க்கையின்போது பீய்ச்சினால் விந்து தண்ணீரோடு சேர்ந்து பெண்ணுக்குள் போய்விடும்.

சேர்க்கை மென்மையான விஷயம் இல்லை. கை இல்லாத பிராணி, ஓடும் துணையைப் பிடித்து நிறுத்த வாயைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆண் பெண்ணின் துடுப்புகளையும் விலாவையும் கடித்துப் பிடிக்கிறது. ஆஸ்திரேலியாவில் முக்குளிப்போர் எடுக்கும் படங்களில் பெண்களின் மேல் இந்தப் பல் தடங்கள் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு மணற்புலியின் விலாவிலும் உள்ள பழுப்புப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதால், படத்தை வைத்தே இன்ன பெண் இந்தப் பருவத்தில் சேர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ள முடிகிறது. சில மாதங்களில் காயங்கள் ஆறிவிடும்.

பெண்ணின் உடல்

இறந்துபோன ஒரு பெண் மணற்புலியை வயிற்றுப் பக்கமாகத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கல்லீரல்தான். எண்ணெய் நிறைந்த நீண்ட இரண்டு மடல்கள் உடற்குழியையே அடைத்துக்கொண்டு கிடக்கும். மிதப்பதற்கு உதவுவதும் இதுதான், முட்டைக்கு மஞ்சள் கருவுக்கான கொழுப்பைச் சேமித்து வைப்பதும் இதுதான். அதை விலக்கினால் சூலகம் தெரியும், வலது பக்கத்தில் மட்டும். இடது பக்கம் வேலை செய்வதில்லை. மாகோ, வெள்ளைச் சுறா எல்லாம் அடங்கிய இதன் வரிசை முழுவதிலும் இதே கதைதான்.

மற்ற குட்டி போடும் சுறாக்களின் சூலகத்தைப் பார்த்தவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிப்பார்கள். பொதுவாக அவற்றில் சில முட்டைகள்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் பெரிதாக, பல சென்டிமீட்டர் குறுக்களவில், மஞ்சள் கரு நிறைந்து இருக்கும். ஒரு குட்டிக்குத் தேவையான தீனி முழுவதையும் அந்த ஒரே முட்டையில் கட்டிக் கொடுத்து அனுப்புகிற முறை அது. மணற்புலியில் நேர்மாறு. முட்டை 1 சென்டிமீட்டர் அளவுதான், ஆனால் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு கரு பிறக்கும்வரை வளர அந்தச் சின்ன முட்டையின் மஞ்சள் கரு எப்படியும் போதாது. மீதித் தீனி எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

முட்டை முதிர்ந்ததும் சூலகத்திலிருந்து நேராகக் குழாய்க்குள் போவதில்லை. திறந்த உடற்குழிக்குள்ளேயே விழுகிறது. அங்கே மெல்லிய ரோமங்கள் போன்ற இழைகள் அசைந்து அசைந்து அதை முன்னோக்கித் தள்ளுகின்றன. கல்லீரலுக்கு முன்னால் புனல் வடிவில் ஒரு வாய் திறந்திருக்கும். முட்டை அதற்குள் விழுந்ததும் இடதோ வலதோ ஏதாவது ஒரு முட்டைக்குழாயில் இறங்கும். சூலகம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் குழாய்கள் இரண்டு, அவற்றின் முடிவில் கருப்பைகளும் இரண்டு. இந்த இரண்டு என்ற எண்ணை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

குழாயில் போகிற வழியில் ஒரு தடித்த சுரப்பி வரும். ஓடு சுரப்பி என்று சொல்லலாம். சாதாரணமாகப் பார்த்தால் குழாய் கொஞ்சம் வீங்கியிருப்பது போலத்தான் இருக்கும். வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே அடுத்தடுத்து நான்கு பகுதிகள் தெரியும். முதல் இரண்டும் முட்டையைச் சுற்றிக் கூழ் போன்ற பொருளைப் பூசுகின்றன. மூன்றாவது அதற்கு மேல் மெல்லிய உறையைப் போர்த்துகிறது. கடைசிப் பகுதி பல சுறா இனங்களில் விந்தணுக்களை உயிரோடு சேமித்து வைக்கும் இடம். ஆணைச் சந்தித்து நாட்கள் கழித்தும் பெண்ணால் முட்டையைக் கருவுறச் செய்ய முடிவது இந்தச் சேமிப்பால்தான். என்னைக் கேட்டால் சுறாவின் உடலில் மிகக் குறைவாகப் பேசப்படுகிற, மிக நேர்த்தியான உறுப்பு இதுதான். பல்லைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள்.

மணற்புலி முதலில் அனுப்பும் முட்டைகள் இங்கே கருவுற்று, உறைக்குள் அடங்கி, கருப்பைக்குப் போய்ச் சேர்கின்றன. அதற்குப் பிறகும் சூலகம் நிற்பதில்லை. கர்ப்பகாலத்தின் பெரும்பகுதி நெடுக முட்டைகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பின்னால் வருபவை கருவுறாத முட்டைகள். ஒரே உறைக்குள் பல முட்டைகள் சேர்ந்து பொட்டலமாக வரும்.

கருப்பைக்குள் நடப்பது

ஒவ்வொரு கருப்பையிலும் ஆரம்பத்தில் சில கருக்கள் வளரத் தொடங்கும். எல்லாம் ஒரே நாளில் கருவுற்றவை இல்லை, ஆகவே அளவில் சின்ன வித்தியாசம் இருக்கும். ஒவ்வொன்றும் தன் உறைக்குள் தனியாகக் கிடந்து, தன் மஞ்சள் கருவைக் கரைத்துச் சாப்பிடும். இந்தக் கட்டத்தில் கருவுக்குச் செவுள் பிளவுகளிலிருந்து மெல்லிய நூல்கள் வெளியே தொங்கும். சுற்றியுள்ள திரவத்திலிருந்து ஆக்சிஜனை எடுக்க அவை உதவும், பிறகு மறைந்துவிடும்.

நீளம் 5 சென்டிமீட்டரை ஒட்டி வரும்போது முதலில் வளர்ந்த கரு உறையைக் கிழித்துக்கொண்டு கருப்பைக்குள் வெளிவருகிறது. அதற்குள் பல் முளைத்திருக்கும். மஞ்சள் கரு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. தாயோடு இணைக்கத் தொப்புள்கொடி கிடையாது. பசிக்கிறது. பக்கத்தில் என்ன இருக்கிறது? இன்னும் உறைக்குள் கிடக்கும் தம்பி தங்கைகள்.

ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளம் வந்ததும் அது வேட்டையைத் தொடங்கிவிடுகிறது. உறைகளைக் கடித்துத் திறந்து, தன்னைவிடச் சிறியவற்றை ஒவ்வொன்றாகக் கொன்று தின்கிறது. அந்தக் கருப்பையில் ஒன்று மட்டும் மிஞ்சும்வரை இது நடக்கும். அடுத்த கருப்பையிலும் இதே கதை, தனியாக. அங்கே இருப்பதை இங்கே இருப்பது தொட முடியாது, நடுவில் சுவர் இருக்கிறது. எனவே கடைசியில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று.

சகோதரர்கள் தீர்ந்த பிறகுதான் அந்தக் கருவுறாத முட்டைப் பொட்டலங்கள் வேலைக்கு வருகின்றன. மாதக்கணக்கில் அவற்றை விழுங்கி விழுங்கி வயிறு மஞ்சள் கருவால் புடைத்துப்போய் இருக்கும். சூலகம் ஏன் ஆயிரக்கணக்கில் சின்ன முட்டைகளைச் செய்தது என்பதற்கு விடை இதுதான். அவற்றில் மிகப் பெரும்பாலானவை குட்டிகளாவதற்காக உண்டானவையே அல்ல, சாப்பாடு.

கர்ப்பம் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள். பிறக்கும்போது குட்டி சுமார் 1 மீட்டர் நீளம். தாயே இரண்டரை, மூன்று மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். வெளியே வரும்போதே முழுப் பல்வரிசையோடு, வேட்டைப் பயிற்சியும் முடித்துக்கொண்டு வருகிறது. தாய் அதற்குப் பின் எதுவும் செய்வதில்லை.

இதெல்லாம் எப்படித் தெரியவந்தது என்றால், ஒரு கடியால். ஸ்டூவர்ட் ஸ்பிரிங்கர் என்ற அமெரிக்கச் சுறா ஆய்வாளர், பிடிபட்ட கர்ப்பிணி மணற்புலி ஒன்றின் கருப்பைக்குள் கையை விட்டுத் துழாவினார். உள்ளே இருந்த குட்டி அவர் கையைக் கடித்துவிட்டது. கருப்பைக்குள் இருப்பது வெறுமனே சுருண்டு கிடக்கும் கரு அல்ல, வாயைத் திறந்துகொண்டு நீந்துகிற ஒன்று என்று அப்போது புரிந்தது. அவர் 1948இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்த இனத்தின் கருக்கள் முட்டை தின்பதைப் பதிவு செய்தது. பிறக்காத சுறாவிடம் கடி வாங்கிய மனிதர்கள் உலகத்தில் ரொம்பக் குறைவாகத்தான் இருப்பார்கள்.

முட்டை தின்னும் கருக்கள் வேறு சுறாக்களிலும் உண்டு. மாகோவின் கருக்களும் அப்படித்தான் வளர்கின்றன. ஆனால் அவை ஒன்றையொன்று கொல்வதில்லை, கிடைக்கும் முட்டைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் மாகோ ஒரே பிரசவத்தில் பத்துக்கும் மேல் குட்டிகள் போட முடிகிறது. சகோதரக் கொலையை வழக்கமாகவே செய்வது என்று உறுதியாகத் தெரிந்த சுறா மணற்புலிதான்.

அப்பா யார் என்ற கேள்வி

பெண் மணற்புலி ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேரும். அப்படியென்றால் ஆரம்பத்தில் கருப்பையில் இருக்கும் கருக்களுக்கு வேறு வேறு தகப்பன்கள் இருக்கலாம். அவற்றில் இரண்டு மட்டும் மிஞ்சும்போது யாருடைய பிள்ளை பிழைக்கிறது?

டெமியன் சாப்மன் என்ற சுறா ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் இதை மரபணு வைத்துப் பார்த்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் குளிப்போரைப் பாதுகாக்கக் கடற்கரையோரம் கட்டியிருக்கும் சுறா வலைகளில் சிக்கி இறந்த 15 கர்ப்பிணிகள் அவர்களுக்குக் கிடைத்தன. தாய், கருக்கள் எல்லாவற்றின் டிஎன்ஏவையும் ஒப்பிட்டார்கள். 9 தாய்கள், அதாவது 60 சதவீதம், ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்ந்திருந்தன. ஆனால் உறையை விட்டு முதலில் வெளிவந்த, பிழைக்கப்போகிற அந்த மூத்த கருக்களை மட்டும் பார்த்தால், 60 சதவீதப் பிரசவங்களில் இரண்டும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவை. 3 தாய்களில் வேறொரு ஆணின் கருவும் உண்டாகியிருந்தது. ஆனால் அது முந்திய கருவுக்கு இரையாகப் போகும் நிலையில்தான் இருந்தது.

அதாவது ஆண்களுக்கு இடையிலான போட்டி சேர்க்கையோடு முடியவில்லை. கருவுற்ற பிறகும், கருப்பைக்குள்ளேயே, பிள்ளைகள் மூலமாகத் தொடர்கிறது. யாருடைய கரு சீக்கிரம் 10 சென்டிமீட்டரைத் தொடுகிறதோ அந்த ஆணுக்கு வாரிசு. முதலில் சேர்ந்த ஆணுக்கு இதில் சாதகம் இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டுக்கு மேல் ஏறாத கணக்கு

சரி, இப்போது அந்த இரண்டு என்ற எண்ணுக்கு வருவோம்.

பெரிய குட்டி போடுவதில் லாபம் இருக்கிறது. 1 மீட்டர் நீளக் குட்டியைத் தின்னக்கூடிய மீன் கடலில் அதிகம் இல்லை. மனிதன் பெரிய அளவில் கடலுக்குள் இறங்காதவரை இந்த முறை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. குறைவாகப் பெற்று, பிழைக்கும்படி பெறுவது.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், பெரியவை சாகத் தொடங்கும்போது. அட்லாண்டிக் கடலில் செய்த ஆய்வுகளின்படி பெண் மணற்புலி பருவத்துக்கு வர ஒன்பது, பத்து வயதாகிறது. அப்புறம் ஆண்டுதோறும் குட்டி போடுவதும் இல்லை. ஒரு பிரசவத்துக்குப் பிறகு கல்லீரலில் கொழுப்பைத் திரும்பச் சேர்த்தாக வேண்டும். பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறைதான், ஆஸ்திரேலியாவில் சில பெண்களுக்கு மூன்றாண்டு கூட ஆகிறது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். பத்து வயதில் தொடங்கும் பெண் இன்னும் பதினாறு ஆண்டு தவறாமல் குட்டி போட்டால் எட்டுப் பிரசவம், பதினாறு குட்டி. பாதி ஆணாக இருக்கும். அந்த எட்டுப் பெண்களில் எத்தனை அடுத்த பத்து ஆண்டு வலையிலும் தூண்டிலிலும் சிக்காமல் தாய் ஆகும்?

பல மீன்களில் எண்ணிக்கை குறைந்தால் மிச்சமிருப்பவற்றுக்குத் தீனி தாராளமாகக் கிடைக்கும். உடல் பருக்கும், அதிக முட்டை வைக்கும். கானாங்கெளுத்தி போன்ற மீன் ஒரே பருவத்தில் பல்லாயிரம் முட்டைகளை விட்டு, இழந்ததைச் சில ஆண்டுகளில் ஈடு கட்டிவிட முடியும். சுறாக்களிலேயே கூட வித்தியாசம் மிகப் பெரிது. 1995இல் தைவானில் பிடிபட்ட ஒரு திமிங்கலச் சுறாவுக்குள் சுமார் 300 கருக்கள் இருந்தன. மணற்புலிக்கு அந்த வழியே கிடையாது. எவ்வளவு தின்றாலும், எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும், கருப்பை இரண்டுதான், ஒரு கருப்பைக்கு ஒரு குட்டிதான். கூடுதல் தீனி கிடைத்தால் குட்டி ஒருவேளை இன்னும் கொழுக்கும், மூன்றாவது குட்டி வராது.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் சட்டம் போட்டு நாற்பது ஆண்டு ஆகியும் ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையில் ஏன் கூட்டம் கூட்டமாகத் திரும்பவில்லை என்பது விளங்கும். நாற்பது ஆண்டு என்பது இவற்றுக்கு நான்கு தலைமுறைகூட இல்லை. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 2018இல் சொன்ன மதிப்பீட்டின்படி அங்கே வளர்ந்த மணற்புலிகள் சுமார் 2,000. கடலில் எண்ணிப் பார்த்துச் சொன்னது இல்லை இது. திசு மாதிரிகளை எடுத்து, அவற்றுக்குள் தாய்-பிள்ளை, ஒரே தாய் அல்லது தகப்பனின் பிள்ளைகள் என்று எத்தனை உறவு ஜோடிகள் அகப்படுகின்றன என்று பார்ப்பார்கள். உறவுகள் அடிக்கடி அகப்பட்டால் கூட்டம் சிறியது என்று பொருள். பிரசவத்துக்கு இரண்டே குட்டி போடும் பிராணிக்கு இந்த முறை கச்சிதமாகப் பொருந்துகிறது.

செயற்கைக் கருப்பை முயற்சி

கருப்பைதான் தடை என்றால் கருப்பையையே செய்துவிடலாமே? இப்படி யோசித்தவர் நியூ சவுத் வேல்ஸ் மீன்வளத் துறையின் நிக் ஆட்வே. அவருடைய யோசனை இதுதான்: கருக்கள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும் முன்பே அவற்றை எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிச் செயற்கைக் கருப்பையில் வளர்த்தால், ஒரு தாயிடமிருந்து இரண்டுக்குப் பதில் பல குட்டிகள் கிடைக்கும்.

அழிவின் விளிம்பில் இருக்கும் இனத்தில் நேரடியாகப் பரிசோதனை செய்ய முடியாது. எனவே வாபிகாங் என்ற, அங்கே தாராளமாகக் கிடைக்கும் கம்பளச் சுறாவை எடுத்துக்கொண்டார்கள். கருப்பைத் திரவத்தைப் போன்ற ஒரு கரைசலைத் தொட்டியில் நிரப்பி, பிரசவத்துக்கு நெருங்கிய கருக்களை அதில் 18 நாட்கள் வைத்துப் பிறக்கச் செய்தார்கள். கருக்கள் பிழைத்தன. பின்னர் ஜப்பானின் ஒகினாவா சுராவுமி மீன் காட்சியகம், ஒளி உமிழும் ஆழ்கடல் சிறு சுறா ஒன்றின் கருக்களை ஏறக்குறைய ஓராண்டு செயற்கைக் கருப்பையில் வளர்த்துக் காட்டியது.

மணற்புலிக்கு இதைக் கொண்டுவருவதில் எனக்குத் தெரிகிற பெரிய சிக்கல் சாப்பாடு. மற்ற கருக்கள் தங்கள் மஞ்சள் கருவை வைத்தே ஓட்டிவிடும். தொட்டியில் வெப்பமும் உப்பும் ஆக்சிஜனும் சரியாக இருந்தால் போதும். மணற்புலிக் கருவுக்கு மாதக்கணக்கில் முட்டை ஊட்ட வேண்டும், அதுவும் 10 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை. அத்தனை முட்டைக்கு எங்கே போவது, எதை மாற்றாகக் கொடுப்பது? அதோடு, கருவை எடுக்கக் கர்ப்பிணி ஒன்றைப் பிடித்தாக வேண்டும். எஞ்சியிருப்பவற்றில் அதைவிட அரிதான உயிர் இல்லை.

அதனால் இப்போதைக்கு நடைமுறையில் இருப்பது, கர்ப்பிணிகள் கூடும் இடங்களைக் காப்பதுதான். ஆஸ்திரேலியாவில் அந்த இடம் குயின்ஸ்லாந்துக் கரையோரம் உள்ள உல்ஃப் ராக் என்ற பாறைத்திட்டு. வெதுவெதுப்பான நீரில் கரு வளர்வதற்காகவோ என்னவோ, சேர்க்கை முடிந்த பெண்கள் அங்கே வந்து மாதக்கணக்கில் தங்குகின்றன. தென்னாப்பிரிக்காவிலும் இதே பழக்கம் உண்டு. குவாசுலு-நட்டாலின் தெற்கே சேர்ந்துவிட்டு, சோட்வானா பக்கம் வடக்கே வெதுவெதுப்பான நீருக்குப் போய், பிறகு குட்டி போட ஈஸ்டர்ன் கேப்பின் குளிர்ந்த கரைக்குத் திரும்பி வருகின்றன. உல்ஃப் ராக்கைச் சுற்றி மீன்பிடிக்கத் தடை இருக்கிறது. ஆனால் பிரசவ நேரம் நெருங்கியதும் அந்தப் பெண்கள் தடைப் பகுதியை விட்டு நியூ சவுத் வேல்ஸ் நோக்கித் தெற்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்துகின்றன. அந்த வழி நெடுகத் தூண்டில் போடுகிறார்கள். குளிப்போருக்காக 1937இல் கட்டத் தொடங்கிய சுறா வலைகளும் அந்தக் கரையில்தான். இறந்து ஒதுங்கும் மணற்புலிகளை அறுத்துப் பார்க்கும்போது இரைப்பையிலும் தொண்டையிலும் விழுங்கிய தூண்டில் முட்கள் கிடைக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் காயமே தெரியாது. அப்படிச் சாவது கர்ப்பிணியாக இருந்தால், கணக்கில் குறைவது மூன்று.